நடுத்தட்டு சாக்ஸபோன்

மயிலாடுதுறையில் ஒரு வாத்தியக் கடை. அங்கே வேலை பார்த்த மூன்று பேருக்கும் புத்தி கொஞ்சம் குறைச்சல், பணிவு ரொம்ப ஜாஸ்தி. உத்திராபதி, சந்தியாகு, வைரக்கண்ணு. மூவரில் உத்திராபதிதான் அறிவாளி. அவனுக்குத் தப்பில்லாமல் மணி பார்க்கத் தெரியும்.

முதலாளி சென்னைக்குக் கிளம்பும்போது அலமாரியைக் காட்டிச் சொன்னார்: "கீழ்த்தட்டுல பழைய சாக்ஸபோன் ஒண்ணு, இருபதாயிரம். மேல்தட்டுல வெளிநாட்டுது, ரெண்டு லட்சம். நடுத்தட்டுல புது சாக்ஸபோன், அறுபதாயிரம். மேலயும் கீழயும் பார்த்தாத்தான் நடுவுல இருக்கற விலை நியாயமாத் தெரியும். கீழ்த்தட்டு காலியா இருக்கவே கூடாது. வந்திருக்கற புதுசு பத்தும் வெள்ளிக்கிழமைக்குள்ள போகலைன்னா கம்பெனிக்காரன் ஏஜென்சியப் பிடுங்கிடுவான். கடைய மூடிட வேண்டியதுதான்."

கடை மூடினால் உத்திராபதிக்கு மாமனாரின் செங்கல் சூளைதான் கதி. மாமனார் சம்பளமும் தரமாட்டார், சும்மாவும் இருக்கமாட்டார்.

திங்கட்கிழமையே கீழ்த்தட்டிலிருந்த பழசை ஒருவர் வாங்கிப் போய்விட்டார். தட்டு காலி.

"புதுசுல ஒண்ண கீழ எறக்கு," என்றான் சந்தியாகு.

"வெல?"

"கீழ்த்தட்டு வெல இருபதுதானே? தட்டுக்குத்தான் வெல, சாமானுக்கா?"

மறுக்க முடியாத நியாயம். இறக்கினார்கள்.

அடுத்து வந்தவர் கலியமூர்த்தி, கல்யாணங்களுக்கு வாசிக்கிறவர். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டுக்கும் என்னப்பா வித்தியாசம்?"

"இது கீழ இருக்குங்க. அது நடுவுல இருக்குங்க," என்றான் உத்திராபதி பொறுமையாக.

"குனிஞ்சு எடுக்கறதுல எனக்கொண்ணும் சிரமமில்ல," என்று கலியமூர்த்தி இருபதாயிரத்தை நீட்டினார்.

தட்டு மறுபடி காலி. இன்னொன்றை இறக்கினார்கள். சேதி ஊரெல்லாம் பரவியது. வியாழக்கிழமைக்குள் ஒன்பது போயிற்று, எல்லாம் கீழ்த்தட்டு வழியாக. இவ்வளவு குனிகிற ஜனங்களை வைரக்கண்ணு அதற்கு முன் பார்த்ததே இல்லை.

வெள்ளிக்கிழமை பார்த்தால் நடுத்தட்டில் ஒன்றே ஒன்று. கீழே சூனியம்.

"இத எறக்குனா நடுவு காலி. எறக்கலைன்னா கீழ காலி," என்றான் சந்தியாகு.

"முதலாளி சொல்லு தட்டக்கூடாது," என்றான் வைரக்கண்ணு. "கலியமூர்த்திகிட்ட போயி ஒண்ணு வாங்கிட்டு வந்துருவோம்."

கலியமூர்த்தி அறுபதாயிரம் கேட்டார். உத்திராபதி பேரம் பேசவில்லை. தாங்களே போட்ட விலையைத் தாங்களே குறைத்துக் கேட்டால் கடைக்குத்தானே கேவலம்? கல்லாவிலிருந்து எண்ணிக் கொடுத்து, வாங்கி வந்து கீழ்த்தட்டில் வைத்து, இருபதாயிரம் என்று சீட்டு ஒட்டினான். அப்போது முதலாளியின் போன் வந்தது.

"உத்திராபதி, அறுபதுக்கு ஒண்ணாச்சும் போச்சாடா?"

"இப்பத்தான் ஒண்ணு முடிஞ்சுது முதலாளி. வாங்குனவங்க பேரமே பேசல."

"பொழச்சோம்டா. அந்தப் பார்ட்டிய விட்டுறாத. இன்னும் ஒன்பது எடுப்பாங்களான்னு கேளு."

உத்திராபதிக்குச் செங்கல் சூளை கண்ணைவிட்டு மறைந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு மற்ற இருவரையும் கேட்டான். மூவரும் கல்லாவில் மிச்சமிருந்த ஒரு லட்சத்து நாற்பதாயிரத்தை எண்ணிப் பார்த்துத் தீர ஆலோசித்தார்கள்.

"பார்ட்டிக்குச் சம்மதம் முதலாளி," என்றான் உத்திராபதி. "கையில கொஞ்சம் குறையுதாம். நாலு லட்சம் மட்டும் நீங்க அனுப்பிச்சுடுங்க."