தண்ணீரில் காஸ் எடுத்த சமையல் கோஷ்டி

சுடலைமணி மாஸ்டரின் சமையல் கோஷ்டியில் மூன்று பேர்: மாஸ்டர், பேச்சிமுத்து, வேம்பு. மூன்று மூளையையும் கூட்டினால் ஒரு ஆளுக்குத் தேறாது. ஆனால் சாம்பார் பிரமாதமாக வைப்பார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

கீழப்பாறைப்பட்டிக் கல்யாணத்தில் சாம்பாரும் ரசமும் இறக்கியாயிற்று. சோறு வைக்கப் போகையில் காஸ் தீர்ந்தது. தாலி கட்டியதும் பந்தி. சோறு வரத் தாமதமானால் எழுந்து போய்விடுவேன் என்று மாப்பிள்ளையின் அப்பா காலையிலேயே மிரட்டியிருந்தார். மூவரும் விறகுக் குவியல்மேல் உட்கார்ந்து, அடுப்பை எதைக்கொண்டு எரிப்பது என்று கவலைப்பட்டார்கள்.

அந்தப் பக்கம் வந்த வேதியியல் வாத்தியார் விளையாட்டாகச் சொன்னார்: "தண்ணிக்குள்ளயே காஸ் இருக்கு மாஸ்டர். ஒரு சிட்டிகை உப்பு போட்டு, பேட்டரி வயர் ரெண்டையும் உள்ள விட்டா குமிழ் குமிழா வரும். ஒண்ணு எரியும், இன்னொண்ணு எரிய வைக்கும். ரெண்டையும் தனித்தனியாப் பிடிக்கணும்." சொல்லிவிட்டுக் காப்பி குடிக்கப் போய்விட்டார்.

டிராக்டர் பேட்டரி வந்தது. அண்டாவில் தண்ணீர் ஊற்றி உப்பு போட்டார்கள். பேச்சிமுத்து உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தான்.

"உப்பு சரியா இருக்கு மாஸ்டர். பெருங்காயம் போடவா?"

"காஸ்னா மணக்கணும்ல. போடு."

வயரை விட்டதும் குமிழ்கள் கிளம்பின. முப்பது வருஷம் அடுப்படியில் நின்ற மாஸ்டருக்கு அது போதும். குமிழ் வந்தால் உலை கொதிக்கிறது என்று அர்த்தம். உலை கொதித்தால் அரிசி போட வேண்டும். போட்டார்.

கால் மணி நேரம் கழித்து வேம்பு விரலை விட்டுப் பார்த்தான். "மாஸ்டர், கொதிக்குது. ஆனா சுடல."

"காஸ் வெளிய போகையில சூட்டையும் கூட்டிட்டுப் போயிருது," என்றான் பேச்சிமுத்து.

"அப்ப மூடிர வேண்டியதுதான்."

"வாத்தியார் ரெண்டையும் பிரிக்கச் சொன்னாரே?"

"கல்யாண வீட்டுல வந்து பிரிக்கச் சொல்லுதாரு. அவரெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார் மாஸ்டர்.

தட்டால் மூடி, விளிம்பில் மைதா மாவை அப்பினார்கள். வெகுநேரம் பொறுத்து, காஸ் சேர்ந்துவிட்டதா என்று பார்க்க, வேம்பு மாவில் ஒரு ஓட்டை போட்டுத் தீக்குச்சியைக் காட்டினான்.

வேம்புவின் மீசை போனது. தட்டு புளியமரத்தில் போய்த் தங்கியது. அரிசி பந்தலுக்குள் பறந்து அத்தனை பேர் தலையிலும் விழுந்தது. அட்சதை விழுந்துவிட்டது என்று நினைத்த மேளக்காரர் கெட்டிமேளம் கொட்ட, மாப்பிள்ளையும் பதறிப்போய் முகூர்த்தத்துக்கு இருபது நிமிஷம் முன்பே தாலியைக் கட்டிவிட்டார். கூட்டம் நேராக வந்து இலை முன்னால் உட்கார்ந்தது.

பேச்சிமுத்துவுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு பருக்கை இல்லையே மாஸ்டர். நம்ம மானம் போச்சு."

மாஸ்டர் பந்தியை ஒரு நோட்டம் விட்டார். முகம் தெளிந்தது.

"யாருல சொன்னா? எல்லாருக்கும் போட்டாச்சே. நல்லாப் பாரு."

சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு முதலில் மாப்பிள்ளையின் அப்பாவிடம் போனார். அரிசி எங்கே கிடக்கிறதோ அங்கேதானே சாம்பார் ஊற்ற வேண்டும்? அவர் தலையில் நிதானமாக ஒரு கரண்டி ஊற்றிவிட்டு, குனிந்து மரியாதையாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, அடுத்து ரசம். கொஞ்சம் குழி பறிச்சு வச்சுக்கிடுதீகளா?"