கொசுறு மாத்திரை

கோணப்பட்டிக்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லும் குறை ஒன்றே ஒன்றுதான்: சொன்னதைச் செய்வார்கள். மற்றபடி அவர்களிடம் ஒரு தப்பும் கிடையாது.

அந்த ஊர் வீரணனுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். பேரம் அதற்கும் ஒரு அடி முன்னால் நிற்கும். பள்ளிக்கூடப் பக்கம் ஒதுங்காதவன். ஊரில் இருக்கிற அத்தனை பேரிடமும் ஏமாந்து ஏமாந்தே பேரம் படித்தவன். தன்னிடம் இருந்த செவலைக் காளைக்கு ஒரு ஜோடி வாங்கலாம் என்று மாட்டுச் சந்தைக்குப் போனான். ஜோடி பொருந்துகிறதா என்று பார்க்கச் செவலையையும் ஓட்டிக்கொண்டு போனான்.

அங்கே மொக்கராசு என்ற மாட்டுத் தரகனோடு வாக்குவாதம் முற்றிவிட்டது.

"உன் மாட்டுக்கு இந்த விலையை எவன்யா குடுப்பான்?" என்றான் வீரணன்.

"உன் மாட்டுக்கே இதைவிடக் கூட நான் குடுப்பேன்."

"குடுக்கமாட்டே."

"குடுப்பேன்."

"வாய்ல சொல்லாதே. குடு பார்ப்போம்!"

மொக்கராசு பணத்தை எண்ணிக் கொடுத்துச் செவலையைப் பிடித்துக்கொண்டான். பேரத்தில் ஜெயித்த பூரிப்போடு வீரணன் வீடு வந்து சேர்ந்தான். கையில் கயிறு மட்டும் இருந்தது.

பெண்டாட்டி சீனியம்மா வாசலுக்கு வந்து கயிற்றைப் பார்த்தாள். தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தாள். "கயிறு வந்துருச்சு. மாடு பின்னால வருதா?"

வீரணன் விவரம் சொன்னான். அவள் அடுப்பில் எரிந்துகொண்டிருந்த விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்தாள். "செவலை இந்த வாசலுக்கு வராம இந்த அடுப்புல நெருப்புப் பத்தாது."

கோணப்பட்டியில் சொன்னால் சொன்னதுதான். ராத்திரி பசிக்கு வீரணன் ஒரு படி வறுத்த கடலையையும் அரைப் பலாப்பழத்தையும் தின்றான். விடிந்தபோது வயிறு மேளம் மாதிரி இருந்தது.

அன்றைக்குச் சந்தையின் கடைசி நாள். உச்சிப்பொழுதுக்கு மொக்கராசின் லாரி கிளம்பிவிடும். அதற்குள் செவலையை மீட்டாக வேண்டும். மச்சினன் சடையாண்டியையும் பங்காளி ஒச்சப்பனையும் கூட்டிக்கொண்டு, கயிற்றையும் எடுத்துக்கொண்டு வீரணன் ஓடினான்.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் சொல்லமாட்டார்கள். துண்டைப் போட்டு மூடி, உள்ளே ஒருவர் விரலை ஒருவர் பிடிப்பார்கள். எத்தனை விரலோ அதுதான் விலை. வீரணன் ஒரு விரலைப் பிடித்தான். அந்த நேரம் பார்த்து வயிற்றிலிருந்து ஒரு ஏப்பம் கிளம்பி ஆளையே தூக்கிப் போட்டது. கை உதறி மூன்று விரலைப் பிடித்துவிட்டது. மொக்கராசு முகம் மலர்ந்தது. அடுத்த ஏப்பத்தில் ஐந்து விரலையும் பிடித்துவிட்டான்.

"அடடா, தாராள மனசுய்யா உனக்கு!"

வீரணன் கையை உருவிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினான்.

கடைக்காரர் வெள்ளை வட்டமாக மூன்று மாத்திரைகளை எடுத்து வைத்தார். "ஒரு டம்ளர் தண்ணிக்கு ஒண்ணு."

"ஒரு குடத்துக்கு ஒண்ணுன்னு முடிச்சுக்குவோம்," என்றான் வீரணன்.

"இதுல பேரம் கிடையாதுங்க."

"அப்ப கொசுறு போடு!"

ஆள் நகர்ந்தால் போதும் என்று அவர் இன்னொரு மாத்திரையைப் போட்டார். "இதுக்குள்ள புளிப்பு ஒண்ணு, சோடா உப்பு ஒண்ணு, ரெண்டையும் ஒண்ணா அமுக்கி வச்சிருக்கு. ஈரம் படாத வரைக்கும் ரெண்டும் பேசாம கிடக்கும். தண்ணி பட்டா சண்டைதான். காத்து கிளம்பும், நுரை பொங்கும். எல்லாம் அடங்கினதும் குடிங்க."

டீக்கடை பெஞ்சில் மூவரும் உட்கார்ந்து ஒரு மாத்திரையை டம்ளரில் போட்டார்கள். 'சுர்ர்' என்று பொங்கியது.

சண்டை நடக்கும் வீட்டில் கோணப்பட்டிக்காரர்கள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்கள். பஞ்சாயத்துப் பேசித் தீர்த்துவிட்டுத்தான் குடிப்பார்கள். ஒச்சப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு டம்ளரில் காதை வைத்தான்.

"ஒரே இரைச்சலா இருக்குண்ணே. யார் பேச்சும் விளங்கல."

"யார் மேலடா தப்பு?" என்றான் வீரணன்.

"மேல துள்ளுறவன் மேலதான். கீழ கிடக்கிறவன் பாவம், பொறுத்துப் போறான்."

"பொறுத்தா போறான்?" என்று சடையாண்டி பொங்கினான். "நல்லாப் பாரு. கீழ இருந்து ஊதி விடுறதே அவன்தான்!" அவன் டம்ளருக்குள் குனிந்து பதமாகச் சொன்னான்: "ஏப்பா புளிப்பு, நீ பெரியவன். நீயாவது விட்டுக் குடுத்துப் போ."

நுரை அவன் மூக்கில் தெறித்தது. "துப்புறான் மச்சான்! பஞ்சாயத்துன்னு ஒரு மரியாதை இல்ல!"

கொஞ்ச நேரத்தில் இரைச்சல் அடங்கியது. மூவரும் எட்டிப் பார்த்தார்கள். டம்ளரில் தண்ணீர் தெளிவாக நின்றது. மாத்திரையைக் காணோம்.

"ராசியாகி வீட்டுக்குப் போயிட்டாங்க," என்றான் ஒச்சப்பன் திருப்தியாக.

"அப்ப மருந்து?"

"மருந்தே அவங்க ரெண்டு பேருதானே? இது அவங்க நின்னு சண்டை போட்ட இடம்."

வீரணனுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "காலி இடத்தைக் குடிக்கவாடா நான் காசு குடுத்தேன்?" என்று டம்ளரை அப்படியே தெருவில் கவிழ்த்தான்.

"அடங்கினதும் குடிக்கச் சொன்னாரேண்ணே," என்று ஒச்சப்பன் ஞாபகப்படுத்தினான்.

அதுவும் நியாயம்தான். டம்ளர் காலியாக இருந்ததால் வீரணன் ஒரு டீ வாங்கிக் குடித்தான். வயிறு இன்னும் ஒரு சுற்றுப் பெருத்தது.

அடுத்த மாத்திரையைத் தப்பிக்க விடக் கூடாது என்று முடிவானது. ஒச்சப்பனிடம் எண்ணெய் வாங்கக் கொண்டுவந்த சீசா இருந்தது. அதில் தண்ணீர் விட்டு, மாத்திரையை நொறுக்கிப் போட்டு, தக்கையை அடித்து இறுக்கி, மூன்று பேரும் சேர்ந்து அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்கள்.

"உள்ள முட்டுறாங்க மச்சான்."

"முட்டட்டும். எங்கே போயிருவாங்கன்னு பார்க்கிறேன்."

'டப்' என்றது. தக்கை டீ மாஸ்டரின் நெற்றியைத் தொட்டுவிட்டுப் பால் சட்டிக்குள் போய் விழுந்தது. மாஸ்டர் கரண்டியோடு வந்த வேகத்தில் மூவரும் சாலைக்கு அந்தப் பக்கம் நின்றார்கள்.

"டம்ளர்ல நிக்கல, சீசாவுல நிக்கல," என்று சடையாண்டி யோசித்தான். அவன் பார்வை வீரணனின் வயிற்றில் போய் நின்றது. "மச்சான், அரைப் பலாப்பழத்தை நேத்து ராத்திரியில இருந்து வெளிய விடாம வச்சிருக்கீங்க. அதைவிடக் கெட்டியான பாத்திரம் ஏது?"

வீரணனுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

லாரி ஹாரன் அடித்தது. இனி பொழுதில்லை. வீரணன் மூன்றாவது மாத்திரையை வாயில் போட, சடையாண்டி செம்புத் தண்ணீரை ஊற்றினான். "வாயைத் திறந்துராதீங்க, ஓடிருவாங்க!" அப்படியே உதட்டை இறுக மூடிக்கொண்டு வீரணன் போய் மொக்கராசு முன்னால் உட்கார்ந்தான். துண்டு விழுந்தது. விரலைப் பிடித்தார்கள்.

மொக்கராசு முகத்தைப் பார்த்தான். வீரணனின் கன்னம் இரண்டும் உப்பியிருந்தன. கண் பிதுங்கியது. முதலில் இடது மூக்கில் ஒரு குமிழி வந்தது. பிறகு உதட்டோரத்தில் வெள்ளை நுரை வழிந்து மீசையை மூடி மார்பில் இறங்கியது. துண்டுக்குள் இருந்த பிடி மட்டும் தளரவில்லை.

"ஐயோ, வெறிநாய் கடிச்சவன்டோய்!"

கையைப் பிய்த்துக்கொண்டு மொக்கராசு ஓடிய ஓட்டத்தில் செருப்பு ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கம் கிடந்தது. அதே நேரம் வீரணனிடமிருந்து ஒரு ஏப்பம் வந்தது. கோயில் யானை பிளிறியது என்று நினைத்து இரண்டு பேர் கும்பிட்டார்கள். வயிறு சப்பையாகிவிட்டது. செவலை பக்கத்திலேயே நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

அதைக் கொண்டுவந்த கயிற்றில் கட்டி நேராக வீட்டுக்கு நடந்திருக்கலாம். ஆனால் வீரணனுக்கு ரத்தம் கொதித்தது. பேரம் முடியாமல் பாதியில் எழுந்து போவதா? மாட்டையும் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு லாரிக்கு ஓடினான். மொக்கராசு முன்பக்கம் ஏறிக் கதவைச் சாத்திக் கண்ணாடியை ஏற்றியிருந்தான்.

"விலையைச் சொல்லுய்யா!"

"மாட்டைச் சும்மா வச்சுக்க சாமி! ஆளை விடு!" என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"சும்மாவா? சும்மா வாங்க நான் என்ன பிச்சைக்காரனா? நீ சும்மா குடுத்தா நானும் சும்மா குடுப்பேன்டா! டேய், ஏத்துங்கடா மாட்டை!"

சொன்னதைச் செய்கிறவர்கள் அல்லவா? சடையாண்டியும் ஒச்சப்பனும் செவலையைப் பின்பக்கம் ஏற்றி, கம்பியில் கட்டினார்கள். லாரியிலேயே வேறு கயிறு இருந்ததால் வீட்டுக் கயிற்றைப் பத்திரமாக அவிழ்த்துக்கொண்டார்கள். "நேத்து நீ குடுத்த பணமும் இந்தா!" என்று வீரணன் மடியை அவிழ்த்து அதையும் லாரிக்குள் எறிந்தான். லாரி புழுதி கிளப்பிப் பறந்தது.

"மூச்சுக் காட்டாம ஓடுறான் பாருங்க மச்சான்," என்றான் சடையாண்டி.

"பின்னே? என்கிட்டேயா?" என்றான் வீரணன்.

வாசலில் சீனியம்மா நின்றிருந்தாள். கயிற்றைப் பார்த்தாள். இந்தத் தடவை தெருவைப் பார்க்கவில்லை. "மறுபடியும் ஜெயிச்சிட்டீகளாக்கும்," என்று மட்டும் கேட்டாள்.

"ஜெயிச்சாச்சு. சோறு போடு."

"அடுப்புதான் பத்தாதுன்னு சொல்லிட்டேனே."

வயிறு காலியானதும் வீரணனுக்கு அகோரப் பசி. மூவரும் அணைந்த அடுப்பையும், அதன் மேல் இருந்த உலைப் பானையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். அப்போதுதான் வீரணனுக்கு மடியில் இருந்த கொசுறு ஞாபகம் வந்தது. எடுத்துப் பானைத் தண்ணீரில் போட்டான். 'சுர்ர்' என்று குமிழி கிளம்பியது.

சீனியம்மா எட்டிப் பார்த்துக் கன்னத்தில் கை வைத்தாள். "அடி ஆத்தே! நெருப்பே இல்லாம உலை கொதிக்குது!"

"கொசுறு கேட்டு வாங்கினது யாரு?" என்றான் வீரணன்.

"பேசிக்கிட்டு நிக்காதீக. கொதி அடங்குறதுக்குள்ள அரிசியைப் போடணும்."

அரிசியைக் களைந்து போட்டு, மேலே தட்டை மூடினாள். சத்தம் அடங்கியதும் வடித்து, நான்கு பேருக்கும் இலை போட்டுப் பரிமாறினாள். ஒச்சப்பன் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டு நறுக் நறுக்கென்று வெகுநேரம் மென்றான். எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள்.

"எப்படிடா இருக்கு? வெந்திருக்கா?"

"பதமா வெந்திருக்குண்ணே," என்றான் அவன். "என்ன, ரொம்ப ஆறிப்போச்சு."