நாலாம் நாள் மாவு

அந்தக் காலத்தில், தேனீக்கள் வாய்விட்டுப் பேசிய காலத்தில், மழை பொய்த்த ஓர் ஆண்டின் புரட்டாசி மூன்றாம் நாள் காலை, சவ்வாது மலையில் ஒரு மருத மரப் பொந்துக்குள் நாலாயிரத்து முந்நூறு தேனீக்கள் குடியிருந்தன. அவர்களில் ஒருத்தி செம்பி. அன்று அவள் இரண்டு முட்டை இட்டாள். ஒன்று தேனடையின் நடு வரிசையில், மற்றொன்று அடியோரத்தில்.

அதில் அதிசயம் எதுவும் இல்லை. அப்போது எல்லாத் தேனீயும் முட்டையிட்டது. எல்லாரும் ஒரே நீளம். நாலைந்து மழைக்காலம் பார்த்துவிட்டுத்தான் சாவார்கள். பொந்தில் எல்லாப் புழுவுக்கும் ஒரே சாப்பாடு என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் கிடையாது. பால் சுரக்கும் பருவத்தில் இருப்பவர்கள் தங்கள் தலையில் ஊறும் வெள்ளைப் பாலைப் பசித்த வாய்க்கெல்லாம் ஊட்டிவிட்டுப் போவார்கள். யார் பிள்ளை என்று கேட்பது அங்கே கேவலம்.

பூ இல்லாமல் போனது. சேமிப்பறைகளுக்குப் பொறுப்பாக இருந்த பெரியநாச்சி எல்லாரையும் கூட்டினாள்.

"பால் பத்தாது. ஒரே ஒரு பிள்ளைக்கு முழுப் பால். மத்ததுக்கெல்லாம் முதல் நாள்லேருந்தே மகரந்தமும் தேனும் பிசைஞ்ச மாவு. மழை வர்ற வரைக்கும்தான்."

"அந்த ஒண்ணு யாரு?" என்றாள் செம்பி.

"அடியோரத்துல இருக்கே, அது. அங்கதான் அறையைப் பெருசாக்க இடம் இருக்கு."

தகுதி அவ்வளவுதான். இடம் இருந்தது.

"நடு வரிசையில இருக்கிறதும் அதே முட்டைதானே அக்கா?"

"ஏன், அது உன் பிள்ளையா?"

தன் பிள்ளை என்று சொல்லிக் கேட்கும் வழக்கம் அந்தப் பொந்தில் இல்லை. இரண்டுமே தன்னுடையவை என்று சொல்ல வேண்டிய நேரத்தில் செம்பி மானம் பார்த்தாள்.

இருபத்தொரு நாளுக்குள் இரண்டு பேரும் வெளியே வந்தார்கள். அடியோரத்தவள் நீளமாக, பளபளப்பாக வந்தாள். வந்த வேகத்தில் முட்டையிடவும் தொடங்கினாள். மற்றவர்கள் இனி இட வேண்டாம், இவள் ஒருத்தி போதும், இனி இவள்தான் ராணி என்றாள் நாச்சி. நடு வரிசையில் வந்தவளுக்குச் சின்னி என்று பெயர் வைத்தார்கள். அவள் குட்டையாக இருந்தாள். வயிற்றில் முட்டை உருவாக வேண்டிய இடம் காய்ந்த நார்போல் கிடந்தது.

ஐப்பசி முதல் வாரம் மழை வந்தது. மலை முழுக்கப் பூ. சேமிப்பறைகள் வழிந்தன. பாலுக்கும் குறைவில்லை. மாவை மட்டும் நிறுத்தவில்லை.

"மழை வந்திடுச்சே அக்கா," என்றாள் செம்பி.

"வந்தா? இதுங்க உடம்பைப் பாரு. பொறப்பே இப்படி. இதுங்களுக்குப் பால் எதுக்கு?"

வஞ்சித்தவள் இப்படிப் பேசுவதில் வியப்பில்லை. சின்னியும் அதையே சொன்னாள். "நான் பொறந்ததே இப்படித்தான்மா. பூவுக்குப் போறேன், வர்றேன். எனக்கு என்ன குறை?"

அன்றே செம்பி நடு வரிசைக்குப் போனாள். அன்று காலை முட்டையிலிருந்து வந்த புழு ஒன்றைத் தேர்ந்தெடுத்தாள். மாவைத் தள்ளிவிட்டுப் பாலை ஊட்டினாள். புழு பருத்ததும் அறைச் சுவரை உடைத்து, வேர்க்கடலை நீளத்துக்குக் கூட்டிக் கட்டினாள். யாரும் தடுக்கவில்லை. செம்பிக்குப் புத்தி கெட்டுவிட்டது என்று சிரித்தார்கள்.

வந்தவள் நீளமாகத்தான் வந்தாள்.

நாச்சி அசரவில்லை. "இவளும் பிறவி ராணிதான். நாமதான் கவனிக்கல."

அடியோரத்து ராணிக்கு அந்த விளக்கமும் தேவைப்படவில்லை. புதியவளின் இறகு உலருமுன் கொட்டிக் கொன்றாள். உடலைத் தூக்கி வெளியே போடும் வேலை சின்னிக்குக் கொடுக்கப்பட்டது. போட்டுவிட்டுத் திரும்பியவள் செம்பியிடம் வந்தாள்.

"அப்போ நானும்?"

"நீயும்தான். முட்டைக்குள்ள எல்லாருக்கும் எல்லாம் இருந்துச்சு. மாவு சில கதவைச் சாத்திடுச்சு."

"இப்போ பால் குடிச்சா?"

"இப்போ முடியாதுடி."

சின்னி அழவில்லை. இதற்குள் ஊட்டும் வேலை முழுக்கக் குட்டையானவர்களிடம் வந்திருந்தது; அன்று இரவே அவர்கள் எல்லாரிடமும் நடந்ததைச் சொன்னாள். மறுநாள் காலை, ஊட்டும் வேலையில் இருந்த அத்தனை குட்டைத் தேனீக்களும் வாயை மூடிக்கொண்டன. புழுவுக்கும் இல்லை, ராணிக்கும் இல்லை. ராணிக்குத் தானாகத் தின்று பழக்கம் கிடையாது. மதியத்துக்குள் நாச்சி பேச்சுக்கு வந்தாள்.

"என்னதான்டி வேணும்?"

"எல்லாருக்கும் பால். கடைசி வரைக்கும்."

"எல்லாரும் ராணியானா பூவுக்கு யார் போவாங்க? உங்க அம்மாவா?"

"முன்னே எல்லாரும்தானே போனீங்க," என்றாள் சின்னி.

நாச்சி அடையைக் காட்டினாள். ஆயிரம் அறைகளில் புழுக்கள் வாயைத் திறந்து கிடந்தன. திறந்த வாயைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க ஊட்டுகிறவர்களால் முடியாது. அது நாச்சிக்குத் தெரியும்.

"முதல் மூணு நாள் எல்லாருக்கும் பால். அப்புறம் மாவு. ராணி செத்தா, மூணு நாள் தாண்டாத புழுவா எடுத்து ராணியாக்கிக்கலாம். எங்களுக்கும் நல்லதுதான்."

"ஒத்துக்காதேடி," என்றாள் செம்பி. "கூலி போடுற மாதிரி போடுறா."

"பசியில கிடக்குதுங்கம்மா," என்றாள் சின்னி. அருகிலிருந்த அறைக்குள் தலையை விட்டாள்.

அந்த மதியத்தில் ஒத்துக்கொண்டதுதான் இன்றுவரை நடக்கிறது. எல்லாத் தேனீப் புழுவுக்கும் மூன்று நாள் பால், ராணியாகப் போவதைத் தவிர மற்றவற்றுக்கெல்லாம் நாலாம் நாள் மாவு. ஊட்டுகிறவர்களும் மாவு தின்று வளர்ந்தவர்களே. குட்டையாக வருகிறவளைப் பார்த்துப் பிறப்பே அப்படி என்கிறார்கள்.

கார்த்திகை ஐந்தாம் நாள் சின்னி பூவுக்குப் போன இடத்தில் இறகு கிழிந்து விழுந்து இறந்தாள். வயது ஆறு வாரம். அவளோடு ஒரே காலையில் இடப்பட்ட முட்டையிலிருந்து வந்த ராணி அதற்குப் பிறகு நான்கு மழைக்காலம் வாழ்ந்தாள்.