ஆளுக்கு முழுப் பழி

இதைக் கேட்டுவிட்டு என்னைத் திட்டாதீர்கள்.

தருமபுரிப் பக்கம் மாதேஷ், சுகந்தி என்று ஒரு தம்பதி. அவர்கள் மகன் ரித்திக்குக்குத் தலசீமியா என்கிற பரம்பரை ரத்த நோய். மாதாமாதம் ரத்தம் ஏற்றினால்தான் பிள்ளை எழுந்து நடப்பான். மரபணு ஆலோசகர் பெனிட்டா தெளிவாகத்தான் சொன்னார்: "அப்பா, அம்மா ரெண்டு பேர் ரத்தத்துலயும் குறை இருந்தாத்தான் பிள்ளைக்கு இந்த நோய் வரும். ஒருத்தர்கிட்ட மட்டும் இருந்தா வராது."

வீட்டுக்கு வந்து என்ன செய்தார்கள் தெரியுமா? கணவனை யாரும் குறை சொல்லக் கூடாதென்று சுகந்தி தன் பிறந்த வீட்டில், "எல்லாம் என்னாலதான்" என்றாள். மனைவியை யாரும் ஏசக் கூடாதென்று மாதேஷ் தன் தம்பியிடம், "கோளாறு என்கிட்டதான்டா" என்றான். அடடா, என்ன பாசம்!

பிறகு சுகந்தியின் தங்கை கோகிலாவுக்கும் மாதேஷின் தம்பி முனிராஜுக்கும் கல்யாணம் நிச்சயமானது. அக்காவோடு ஒரே வீட்டில் இருந்து ரித்திக்கைப் பார்த்துக்கொள்ளலாம் என்று கோகிலாவுக்கு அத்தனை சந்தோஷம்.

சுகந்தியின் தங்கை என்று சொல்லாமல் கோகிலா பெனிட்டாவிடம் போய் ரத்தம் சோதித்தாள். குறை இருந்தது. "மாப்பிள்ளையையும் சோதிக்கச் சொல்லும்மா" என்றார் பெனிட்டா.

"அவங்க வீட்ல யாருக்கும் இல்ல மேடம். தெரிஞ்சா கல்யாணமே நின்னுடும். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

பெனிட்டா வாக்குக் கொடுத்தார். வேறொரு நாள் முனிராஜும் அண்ணன் பெயரைச் சொல்லாமல் வந்தான். அவனுக்கும் அதே முடிவு, அவனும் அதே பேச்சு. அவனுக்கும் வாக்குக் கொடுத்தார்.

ரித்திக்குக்கு ரத்தம் ஏற்ற வந்த மாதேஷும் சுகந்தியும் மஞ்சள் தடவிய பத்திரிகையை நீட்டினார்கள். மணமக்கள் பெயரை பெனிட்டா இரண்டு முறை படித்தார்.

"உங்க ரெண்டு பேர்கிட்டருந்தும் வந்ததுன்னு வீட்ல சொன்னீங்களா?"

ஆளுக்கு ஒரு வீட்டில் தன்னால்தான் என்று சொன்னதை இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

"இப்ப சொன்னா கல்யாணம் நின்னுடுமே மேடம்" என்றாள் சுகந்தி. "தங்கச்சியும் வரலன்னா, இவனை வச்சிக்கிட்டு நான் என்ன பண்ணுவேன்?"

நீங்களே சொல்லுங்கள், இவர்களில் யார் வாய் திறக்க வேண்டும்?

விடை: பெனிட்டாவால் முடியாது, பிறர் ரகசியத்தை அவர் வெளியே சொல்வதற்கில்லை. சின்னவர்கள் இருவரும் பாவம், கேட்டதை நம்பியவர்கள். பேச வேண்டியவர்கள் சுகந்தியும் மாதேஷும்தான். "எங்க ரெண்டு பேராலயும் வந்தது" என்றால் போதும், மற்றதை அவர்களே புரிந்துகொள்வார்கள். தெரிந்து கட்டினால் கருவிலேயே சோதித்துப் பார்க்கவாவது வழியுண்டு. ஆளுக்குப் பாதிதான் பங்கு, முழுதாக எடுத்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று இருவரும் பந்தியில் ஓடி ஓடிப் பரிமாறினார்கள். அந்த ஒரு வார்த்தையை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.