மேனேஜர் துவைத்த ஸ்வெட்டர்

“பச்சைத் தண்ணீரில்தான் அலச வேண்டும்” என்று சொல்லி, கோமளா தன் கணவருக்கு ஆசையாக வாங்கித் தந்த அல்பாகா கம்பளி ஸ்வெட்டர், ஒரே சலவையில் கைக்குழந்தை அளவுக்குச் சுருங்கிவிட்டது. கணவர் நஞ்சுண்டன் குன்னூரில் தேயிலை எஸ்டேட் மேனேஜர். அதட்டல் இல்லாமல் அவருக்குப் பேசவே வராது.

“எல்லாம் இந்த மாதம்மா வேலை!” என்று வீட்டு வேலைக்காரியைப் பார்த்து எகிறினார். “சாயங்காலத்துக்குள்ள பழையபடி ஆக்கு. இல்லன்னா வேலையை விட்டுப் போ!”

மாதம்மா ஸ்வெட்டரைத் தடவிப் பார்த்தாள். “வெதுவெதுப்பான தண்ணின்னா இழுத்துச் சரி பண்ணிடலாங்கய்யா. கொதிக்கிற தண்ணியில முக்கியிருந்தா இனி தேறாது. எதுன்னு தெரியலியே.”

“வெதுவெதுப்புதான்! விரலை விட்டுப் பாத்துட்டுத்தானே முக்கினேன்!”

கோமளா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு உள்ளே போய்த் தன் அல்பாகா சால்வையை எடுத்து வந்து மாதம்மாவிடம் நீட்டினாள்.

“இதை உன் வீட்டுலயே வச்சுத் தொவச்சுக் குடு, மாதம்மா. ஐயா கண்ணுல பட்டுடாம பாத்துக்க.”