முதுகுக்குப் பின்னால் விழுந்த சட்டம்

"இது படிப்பா மேடம், இல்ல கண்ணாமூச்சி விளையாட்டா?" என்றாள் சங்கமித்ரா.

கேள்வி கேட்கிற குரல் இல்லை அது. சண்டைக்கு நிற்கிற குரல்.

எஸ்தர் மேடம் பாறைமேல் உட்கார்ந்து, கெண்டைக்காலில் ஏறியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டிருந்தார்.

காட்டையும் ஏரியையும் படிக்கத்தான் அந்தக் கல்லூரிப் பிள்ளைகள் மேல்கொம்பைக்கு வந்திருந்தார்கள். வேலை எளிது. மூங்கிலில் கட்டிய ஒரு சதுரச் சட்டம். முதுகைக் காட்டி நின்று, அதைத் தோளுக்கு மேலாகப் பின்னால் வீச வேண்டும். விழுந்த இடத்தில் சட்டத்துக்குள் இருக்கிற உயிரையெல்லாம் எண்ண வேண்டும். புல்லோ, பூச்சியோ, நத்தையோ. எங்கே விழுவது என்பது வீசுகிறவர் கையில் இல்லை. மேடம் போட்ட விதி அது ஒன்றுதான்.

காட்டுக்குள் இருந்தவரை மித்ரா வாயைத் திறக்கவில்லை. பாசியில் விழுந்தால் பாசியை எண்ணினாள். ஏரிக்கு இறங்கியபோதுதான் அந்தக் குழாயைப் பார்த்தாள்.

கரைமேட்டில் இருந்த ரிசார்ட்டின் சமையலறையிலிருந்து வந்தது அது. பாறைக்கு அடியில் ஒளிந்து வந்து, எண்ணெயும் சோறுமாகக் கறுப்புத் தண்ணீரை ஏரிக்குள் கக்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் கிராமசபை. ஏரி எப்படி இருக்கிறது என்று இந்தப் பிள்ளைகள்தான் ஊர் முன்னால் சொல்ல வேண்டும். ரிசார்ட்காரர்களும் வருவார்கள். ஊர் கேட்டு முடிவெடுத்தால் குழாயை அடைத்துவிடலாம்.

"நாளைக்கு என்னத்தப் போய்ச் சொல்றது மேடம்? கோரைப்புல்லு நல்லாருக்கு, நத்தை சௌக்கியம்னா?"

கணக்கெழுதிக்கொண்டிருந்த காசிராஜன் சிரித்துவிட்டான். மித்ரா முறைத்த முறைப்பில் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்க வீசணும்ங்கிற?" என்றார் மேடம்.

"குழாய்கிட்ட."

"வீசு."

இவ்வளவு சுலபமாக விடுவார் என்று அவள் நினைக்கவில்லை. போனாள். குழாய் வாயைப் பார்த்து நின்றாள். குறி வைத்து வீசினாள். குனிந்து தேடினாள். புல் இல்லை, புழு இல்லை.

"காசி, எழுது. உயிர்னு ஒண்ணும் இல்ல. நல்லாப் பெருசா எழுது."

மேடம் பக்கத்தில் வந்து நின்றார்.

"நாளைக்கு ரிசார்ட் மேனேஜர் கேப்பார். ஏம்மா, இத்தாம் பெரிய ஏரியில அங்க மட்டும் ஏன் வீசினன்னு. என்ன சொல்லுவ?"

"அங்கதான நாறுது."

"அவர் போய் அல்லி பூத்த இடமாப் பாத்து வீசுவார். இங்க மணக்குதேம்பார். அது பொய்யா?"

"அந்த ஆளும் நானும் ஒண்ணா மேடம்?"

மேடம் சட்டத்தை எடுத்துக்கொண்டு, பிள்ளைகளோடு குழாயை விட்டுத் தள்ளிக் கரையோரமாக நடந்தார். தெளிந்த தண்ணீரில் அலசினார். அவளிடம் நீட்டினார்.

"திரும்பி நில்லு."

"அப்ப குழாய்?"

"அது எங்கயும் ஓடிடாது. திரும்பி நில்லு."

அவள் திரும்பி நின்றாள். கோபம் முழுக்க கைக்கு வந்திருந்தது. வீசினாள்.

சளக்கென்று ஒரு சத்தம்.

மித்ரா திரும்பிப் பார்த்தாள்.

அவர்கள் தங்கியிருந்த கூடாரத்துக்கு நேர் கீழே, கரையோரத்துப் பள்ளம். காலையில் பாத்திரம் கழுவிய இடம். சோப்பு ஏரியில் கலக்கக் கூடாது, தண்ணீரை மேட்டுக்குச் சுமந்து போய்த்தான் கழுவ வேண்டும் என்று வந்த அன்றே மேடம் சொல்லியிருந்தார். அந்தக் குளிரில் யார் சுமப்பது? தேங்கிய தண்ணீரில் சோப்பு நுரை இன்னும் அடங்கவில்லை.

இன்றைக்குப் பாத்திர முறை மித்ராவுடையது.

"கை தவறிடுச்சு மேடம்," என்றான் காசி. "இன்னொரு தடவ வீசட்டும்."

"ஆமா மேடம், யாரு பாத்தா?" என்றது ஒரு குரல்.

"அவனுங்க கையில நாமளே கல்லெடுத்துக் குடுக்கணுமா?" என்றது இன்னொன்று.

மித்ரா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. மேடத்தைப் பார்த்தாள்.

"இத ஊர் முன்னாடி படிச்சா அந்த ஆள் சிரிப்பான்."

"சிரிப்பார்."

"குழாய அடைக்க மாட்டாங்க."

"அடைக்காமலும் போகலாம்."

"அப்ப என்னதான் செய்யச் சொல்றீங்க?"

"சட்டம் அங்க கிடக்கு. இப்படியே எண்ணு. இல்ல, எடுத்துட்டு வந்து மறுபடி வீசு."

சொல்லிவிட்டு எஸ்தர் மேடம் ஏரிக்கு முதுகைக் காட்டி, காட்டைப் பார்த்து நின்றுகொண்டார்.

மித்ரா இறங்கிப் போனாள். அந்த மேனேஜர்மேல் கோபம். முதுகைக் காட்டி நிற்கிற மேடத்தின்மேல் கோபம். காலையில் இங்கே சோற்றுக் குண்டானைத் தேய்த்த தன் கைமேல் எல்லாவற்றையும்விடக் கோபம்.

சட்டத்தின் மூலையைப் பிடித்தாள். தூக்கினால் போதும். நொடி வேலை.

காற்றில் நுரை கொஞ்சம் ஒதுங்கியது. அடியில் வெள்ளை வெள்ளையாக ஏதோ தெரிந்தது. கையால் மிச்ச நுரையை விலக்கினாள்.

தலைப்பிரட்டைகள். வயிறு மேலே தெரிய மிதந்தன. ஒன்று மட்டும் வாலை அசைத்தது. அப்புறம் அதுவும் நின்றது.

மித்ரா சட்டத்தை விட்டுவிட்டுச் சேற்றில் மண்டியிட்டாள்.

"காசி. எழுது."

அவன் வந்தான். அவள் சொல்லச் சொல்ல எழுதினான். பற்களைக் கடித்துக்கொண்டே எண்ணினாள். கடைசியாக ஒன்று. மூங்கிலுக்கு அடியில் மாட்டிக் கிடந்தது. தலை உள்ளே, வால் வெளியே.

காசி குனிந்து மெல்லச் சொன்னான். "அது வெளிய கிடக்கு மித்ரா. விட்டுடலாம்."

மேடம் இன்னும் திரும்பவில்லை.

"உள்ள," என்றாள் மித்ரா.