பாதித் தாடியும் மூடாத கரையும்

கருவேலங்கோட்டை ராஜா வல்லபசேகரரின் சபையில் எனக்கு ஓர் ஆசனம் உண்டு. அது கிடைத்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் கேட்டு ஊரைத் திரட்டிக் கோட்டை வாசலில் கத்தியவன் நான். கலகக்காரனைச் சிறையில் போட்டால் தியாகியாகிவிடுவான். சபையில் போட்டால் தலையாட்டுவான். இது ராஜாவுக்குத் தெரிந்திருந்தது. எனக்குத்தான் தெரியவில்லை. ஒரே ஒரு பட்டுச் சால்வை; வேங்கையன் என்ற புலி வேங்கையனார் என்ற பூனையானது.

ஆனாலும் ஊருக்கு ஏரி வெட்ட உத்தரவு கிடைத்தது. அது என் சாதனை என்றுதான் இன்றும் சொல்லிக்கொள்கிறேன்.

மண் வெட்டும் ஆட்களின் தலைவன் குப்பாண்டி. சபை நடுவே ராஜா கையால் தாம்பூலம் வாங்கிக்கொண்டான்.

"கரை, மதகு, மிச்ச நீர் வழிய ஒரு கலிங்கு. மழைக்கு முன் முடிய வேண்டும். முடியாவிட்டால் உன் தலை உனக்கில்லை" என்றார் ராஜா.

தாம்பூலம் மாற்றிவிட்டால் எங்கள் சீமையில் பேச்சு மாறக் கூடாது. அது குடிகளுக்கு. ராஜாவுக்கும் உண்டா என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை, சால்வை கழுத்தை இறுக்கியது.

கரை பாதி எழும்பியபோது ராஜா பார்க்க வந்தார். "ராணி குளிக்க ஒரு படித்துறை வேண்டுமே!" என்றார். அடுத்த முறை, "படித்துறை இருந்தால் நடுவே ஒரு மண்டபம் வேண்டாமா?" பிறகு மண்டபத்தின் மேல் ஒரு கல்யானை. ஒவ்வொன்றுக்கும் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஆட்கள் அங்கேதானே நிற்கிறார்கள்? ஒரு சின்ன வேலை!" ஒவ்வொன்றுக்கும் நான் சொன்னதும் ஒன்றுதான்: "ஆஹா, மன்னா!"

கரை கட்டிய ஆட்களெல்லாம் யானைக்குக் கல் சுமக்கப் போய்விட்டார்கள். கரையின் நடுவே பெரிய வாய் ஒன்று திறந்தே கிடந்தது. கீழ்வானம் கறுத்தது. குப்பாண்டி என் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணே, தாம்பூலம் வாங்கினப்போ யானை இல்லையே?"

"இல்லை."

"அதை ராஜாகிட்டே சொன்னீங்களா?"

"நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

"என் தலை போன பிறகு வருமா அந்த நேரம்? கோட்டைக்கு வெளியே நின்னப்போ உங்க சத்தம் ஊர் தாண்டிக் கேட்டுச்சு. உள்ளே போன பிறகு பக்கத்து ஆசனத்துக்கே கேட்கலையே!"

சுருக்கென்றது. உடனே வீராவேசமாக ஒரு பிரசங்கம் செய்தேன், மனத்துக்குள். மனத்துக்குள் நான் ஒருநாளும் தோற்றதில்லை.

"காலையில் அரண்மனை உள்வாசலில் வந்து நில்" என்றேன். "ராஜாவின் உத்தரவு காதில் விழுந்ததும் ஓடு."

மறுநாள் அயல்நாட்டுத் தூதர் சபைக்கு வருவதாக இருந்தது. கோயில் விரதத்துக்காக வளர்த்த தாடியை ராஜா எடுக்க உட்கார்ந்தார். நாவிதர் பெயர் சடையன், தொழிலோ சிரைப்பது. வலக் கன்னம் முடிந்தது. நான் என் நீளத் தாடியை நீவிக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன்.

"மன்னா, பிடரி முடி கலைந்திருக்கிறது. தூதர் பின்னாலிருந்தும் பார்ப்பாரே?"

"அதுவும் சரிதான். சடையா, பிடரி!"

"காது மடலில்கூட ரோமம்."

"எடு!"

"மோதிரம் மின்னும்போது நகம் கண்ணில் படுமே?"

"ஆமாம், ஆமாம். இவன் இங்கேதானே இருக்கிறான்? வெட்டட்டும்."

சடையன் என்னை ஒரு பார்வை பார்த்தார். கத்தி அவர் கையில்தான் இருந்தது. பயமும் அவருக்குத்தான் இருந்தது.

அவர் கால் நகத்துக்குக் குனிந்தபோது சங்கு முழங்கியது. தூதர் வந்துவிட்டார். ராஜா கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். வலப்பக்கம் மாப்பிள்ளை, இடப்பக்கம் சாமியார்.

"அடேய்! தாடி என்ன ஆயிற்று?"

"பிடரி முடிந்தது, காது முடிந்தது, நகம் நடக்கிறது. தாடிதானே மன்னா? சின்ன வேலை" என்றேன்.

"யோவ் வேங்கையா! இந்த மூஞ்சியோடு நான் சபைக்குப் போவதா? முதலில் பேசின வேலையை முடிக்கச் சொல்லும்!"

"கொஞ்சம் உரக்க, மன்னா. சடையனுக்குக் காது மந்தம்."

உண்மையில் சடையனுக்குப் பாம்புச் செவி. ராஜாவோ அரண்மனை அதிரக் கத்தினார்: "முதலில் பேசின வேலையை முடி! மற்றதை அப்படியே போடு!"

"உத்தரவு மகாராஜா!" என்று வாசலில் ஒரு குரல். அடுத்து, ஓடுகிற காலடிச் சத்தம்.

"யார் அது?"

"குப்பாண்டி. யானையை அப்படியே போட்டுவிட்டுக் கரையை அடைக்கப் போகிறான்."

ராஜா என்னைப் பார்த்தார். கண்ணாடியைப் பார்த்தார். உத்தரவைத் திரும்பப் பெற்றால் சடையனும் கத்தியைக் கீழே வைக்க வேண்டும். வாயை மூடிக்கொண்டு இடக் கன்னத்தைக் காட்டினார்.

மழை கொட்டியது. கரை நின்றது. குப்பாண்டியின் தலை அவன் கழுத்திலேயே இருந்தது. தும்பிக்கை வைக்காத கல்யானை மட்டும் பன்றி மாதிரி ஓரமாகக் கிடந்தது. அதைப் பார்த்து ராஜா விழுந்து விழுந்து சிரித்தார்.

"பிழைத்துப் போம்! ஒரு வரம் கேளும். ஒன்றே ஒன்று."

வெகுகாலத்துக்குப் பிறகு என் பழைய குரல் வந்தது. "மண் சுமந்தவர்கள் நிலத்துக்கே முதல் தண்ணீர்!"

"தந்தேன்."

அங்கே நிறுத்தியிருந்தால் நான் புத்திசாலி. "தண்ணீர் இருந்தால் விதை வேண்டாமா மன்னா? விதை இருந்தால் உழவு மாடு? மாடு இருந்தால் மேய்ச்சல் நிலம்? அப்படியே அந்த நிலவரியையும்…"

குப்பாண்டி பின்னாலிருந்து சால்வையைப் பிடித்து இழுத்தான். நான் நிற்கவில்லை. கோரிக்கை என்று ஆரம்பித்தால் எங்கே முடிப்பதென்று எனக்குத் தெரியாது.

ராஜா என் நெஞ்சு வரை தொங்கும் தாடியை நிதானமாகப் பார்த்தார். கையைத் தட்டினார்.

"சடையனைக் கூப்பிடுங்கள். இவருக்கும் தாடி எடுக்கட்டும். ஒரு கன்னம் போதும்."